ஒரு முனை 1960, மறுமுனை 1996: யூஎஸ்பி–சீரியல் மாற்றியும் கெடாத் தமிழரும்



தலைப்பைப் பார்த்ததும் "இது கணினிப் பாடமாச்சே, வரலாற்றுப் பகுதியில எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பொருள் ஏன் பிறந்தது, அது பிறந்த நேரத்தில் நம்ம ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்பதும் வரலாறுதான். புதிய கணினியையும் பழைய கருவியையும் இணைக்கும் இந்தச் சின்ன மாற்றியின் ஒரு முனை 1960-ஐச் சேர்ந்தது. மறுமுனை 1996-ஐச் சேர்ந்தது. இடையில் உள்ள 36 ஆண்டுகளில்தான் கெடாத் தமிழர் பலரின் பிழைப்பு தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது.

1960: ஒரு கம்பி, வரிசையாகப் பிட்டுகள்

1960-இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் ஆர்எஸ்-232 என்ற தரத்தை வெளியிட்டது. தொலைதட்டச்சுக் கருவியை மோடத்தோடு இணைக்க எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே முறை வேண்டும் என்பதே நோக்கம். பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதனால்தான் அதற்கு 'சீரியல்', அதாவது தொடர்முறை என்று பெயர்.

ஓர் எழுத்தை அனுப்ப, வழக்கமாக முதலில் ஒரு தொடக்கப் பிட், பிறகு எட்டுத் தரவுப் பிட்டுகள், கடைசியில் ஒரு முடிவுப் பிட். ஆக மொத்தம் பத்து. நொடிக்கு 9600 பிட் வேகம் என்றால் நொடிக்கு எத்தனை எழுத்து? 960. இந்தக் கணக்கை வகுப்பில் மாணவர்களையே போடச் சொல்லுங்கள். இன்னொரு செய்தி: இங்கே 0 என்பதற்கு +3 முதல் +15 வோல்ட், 1 என்பதற்கு −3 முதல் −15 வோல்ட். தலைகீழா இருக்கேன்னு தோணும். இதை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

அதே காலத்தில் கெடாவில் என்ன நடந்தது? நாடு விடுதலை அடைந்த பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் போனது, குடியிருந்த வீடும் போனது. இதற்கு மாற்றாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தாங்களே தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்பது திட்டம். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம்.

1972 முதல்: ஃபேக்டரி பஸ் காலம்

1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி வட்டாரங்களில், விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறத் தொடங்கினார்கள். இன்று உலகத்தின் சிப் பொதியல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அந்தக் கைகளில் நம்மவர் கைகளும் உண்டு.

1996: இரண்டு நிகழ்ச்சிகள்

1990களில் கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தால் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒன்று, மோடத்துக்கு இன்னொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய யூஎஸ்பி 1.0 தரம், 1996 ஜனவரியில் வெளிவந்தது. இதில் முக்கியப் பங்கு வகித்தவர் குஜராத்திலிருந்து சென்று இன்டெலில் பணியாற்றிய அஜய் பட். அதே 1996-இல்தான் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது.

மாணவர்களே, இங்கே ஒரு கவனம். ஒரே ஆண்டில் நடந்ததால் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று எழுதிவிடக் கூடாது. கணினித் தொழிலின் வேகமான வளர்ச்சி இரண்டுக்கும் பின்னணி. அவ்வளவுதான்.

பழசு ஏன் சாகவில்லை?

2000-க்குப் பிறகு மடிக்கணினிகளிலிருந்து சீரியல் துளை மெல்ல மறைந்தது. ஆனால் கருவிகள் மறையவில்லை. செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லாரியை எடை போடுகிறார்களே, அந்த எடைமேடையின் எண்காட்டிக் கருவிகளில் பல, இன்றும் கணினிக்கு எடையை ஆர்எஸ்-232 வழியாகத்தான் சொல்கின்றன. தொழிற்சாலை இயந்திரங்களிலும் அப்படித்தான். எடைமேடை நல்லாத்தான் ஓடுது, அலுவலகக் கணினி மட்டும் புதுசு. அதுக்காக எடைக்கருவியைத் தூக்கிப் போட முடியுமா? அங்கேதான் மாற்றி வேண்டும். அதைப் புரிந்துகொண்ட ஆளும் வேண்டும்.

நாமே செய்வது எப்படி?

மாற்றியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை மொழிமாற்றம். சிஎச்340 அல்லது எஃப்டி232 போன்ற சிப் பொருத்திய சிறு பலகை, யூஎஸ்பி செய்தியைச் சீரியல் பிட்டுகளாக்கும். இரண்டாவது வேலை மின்னழுத்த மாற்றம். பலகை தருவது 0 முதல் 5 வோல்ட் வரைதான். முன்னே பார்த்த எதிர்மின்னழுத்தம் எங்கிருந்து வரும்? 1987-இல் வந்த மேக்ஸ்232 சிப், நான்கு மின்தேக்கிகளின் உதவியோடு 5 வோல்ட்டிலிருந்தே இரு பக்க அழுத்தத்தையும் உண்டாக்கிவிடும்.

இணைக்கும்போது மூன்று கம்பிகள் போதும்: அனுப்புவது, பெறுவது, தரை. ஒருவர் அனுப்புவது மற்றவர் பெறும் கம்பிக்குப் போக வேண்டும் என்பதால் குறுக்காக இணைக்கிறோம். மேக்ஸ்232 இல்லாமல் ஆர்எஸ்-232 கம்பியை நேராகப் பலகையில் சொருகினால் சிப் கருகிவிடும்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒன்பது ஊசி இணைப்பியில் 2-ஆம், 3-ஆம் ஊசிகளை ஒரு கம்பித் துண்டால் சேர்த்துவிட்டு, கணினியில் ஒரு டெர்மினல் நிரலைத் திறந்து தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் மாற்றி வேலை செய்கிறது. கம்பியை எடுத்ததும் எழுத்து வருவது நிற்க வேண்டும். நிரலில் 'எதிரொலி' வசதி அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் ஏமாந்துபோவோம்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புவோர், தனிச் சிப் இல்லாமல் ஒரு சாதாரண ஏவிஆர் நுண்கட்டுப்பாட்டியையே யூஎஸ்பி பேச வைக்கும் வி-யூஎஸ்பி என்ற நிரலைப் பார்க்கலாம்.

தேர்வுக்கு நினைவில் கொள்க

• 1960 – ஆர்எஸ்-232 தரம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்
• 1971 – சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம்
• 1972 – பினாங்கில் இன்டெல்
• 1985 – பினாங்குப் பாலம்
• 1996 – யூஎஸ்பி 1.0, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா

உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி: "புதிய தொழில்நுட்பம் பழையதை முழுமையாக அழித்துவிடுகிறது." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? உமது வட்டாரத்திலிருந்து இரண்டு சான்றுகளுடன் விளக்குக.

விடை எழுதும்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். தோட்டம் துண்டான காலத்தில், மரத்தை வெட்டத் தெரிந்தவர்களிடம் நிலம் இருக்கவில்லை. சிப் காலத்தில் நம் பிள்ளைகள் பலர் சிப்பைத் தொட்டார்கள். அது உள்ளே என்ன செய்கிறது என்று அறியும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. புக்கிட் சீடிமில் தொழிலாளி நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். அறிவுக்குச் சொந்தக்காரர் ஆவது அதன் அடுத்த படி. ஆசிரியர்களே, ஒரு பலகை, ஒரு மேக்ஸ்232, நான்கு மின்தேக்கிகள், இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். கம்பியைப் பிள்ளைகளே இணைக்கட்டும்.