ஆஃப் சீசன் சுற்றுலா விற்பனை (குற்றாலம் – தென்காசி வட்டாரம்)

கூட்டம் வராத மாதங்களில் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து வாடிக்கையாளருக்கு விற்பதை டிராவல்ஸ் தொழிலில் ஆஃப் சீசன் விற்பனை என்பார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்குக் கோடைதான் சீசன். குற்றாலத்தில் அது தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் இங்கே சீசன். பள்ளிகளுக்கு முழு ஆண்டு விடுமுறை விட்டு, குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்பும் ஏப்ரல், மே மாதங்களில் குற்றாலத்தின் முதன்மை அருவியான பேரருவி பெரும்பாலும் வெறும் பாறையாக நிற்கும். இவ்வட்டார டிராவல்ஸ்காரரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

மீதி எட்டு மாதங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தாராளம், சில நாள்களில் அளவுக்கு மீறியும் வரும். பேரருவியில் விழும் வெள்ளம் பாதுகாப்பு வளைவை, உள்ளூர்ப் பேச்சில் 'ஆர்ச்சை', தாண்டிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் வந்து இறங்குவார்கள். லாட்ஜ்காரர்களுக்கு அது இன்னொரு சீசன். அமைதி தேடும் குடும்பத்தை அந்த நாள்களில் அனுப்புவது தவறு. பொங்கலுக்குப் பிறகு அருவி மெலியும், ஆனால் ஊர் சுற்ற அதைவிட நல்ல வானிலை கிடைக்காது. கோடையிலும் திடீர் மழை உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. ஆகவே "மழை பெய்தால் தண்ணீர் வந்துவிடும் சார்" என்று மே மாதத்தில் ஆசை காட்டுவது வியாபாரமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

சீசன் இல்லாதபோது அருவியை விற்காமல் ஊரை விற்பதே இங்கே எடுபடும் முறை. அதற்குச் சரக்கு நிறைய இருக்கிறது. சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலும், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் சீசன் நெரிசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடங்களாகிவிடுகின்றன. சபையின் சுவரோவியங்களை ஒவ்வொன்றாக நின்று பார்க்க பிப்ரவரிக் காலை வேண்டும். நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே அழைத்துப்போக வேண்டும். தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. இன்றுள்ள ராஜகோபுரம் 1990இல் எழுப்பப்பட்டது. பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு மேலே வரை வண்டி போகும். இலஞ்சி, ஆய்க்குடி முருகன் கோயில்களையும் சேர்த்தால் ஒரு நாள் நிறைந்துவிடும். ஆய்க்குடியில் அனுமன் நதிப் படிகளில் பாயசம் ஊற்றிச் சிறுவர்களை உண்ணச் செய்யும் 'படிப்பாயச' நேர்த்திக்கடன், வெளியூர்க்காரர் பலர் கேள்விப்படாதது.

ரயிலும் ஒரு சரக்கு. 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பகல் வண்டியில் ஏறினால் குகைகளும் பதின்மூன்று கண் பாலமும் பார்க்கலாம். திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். அருவியில் நனைந்தே ஆகவேண்டும் என்பவரைப் பாபநாசம் அகத்தியர் அருவிக்குத் திருப்பிவிடலாம்.

விலை விஷயத்தில் பலர் கணக்குத் தவறுகிறார்கள். ஆஃப் சீசனில் இறங்குவது அறை வாடகை மட்டும்தான். வேனின் கிலோமீட்டர் கட்டணம், டிரைவர் பேட்டா, எல்லை தாண்டினால் கேரளப் பெர்மிட் எதுவும் குறையாது. சென்னையிலிருந்து வேன் வைத்து வருபவருக்கு மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அவரைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு உள்ளூர் வண்டி பேசிக்கொடுப்பதே லாபம். மதுரை, விருதுநகர், தூத்துக்குடிக்காரர்களுக்குத்தான் வேன் கட்டுப்படியாகும். அறை மலிந்தால் கமிஷனும் சுருங்கும் என்பதால், தள்ளுபடி கொடுப்பதைவிட இரண்டாவது இரவைச் சேர்த்துக்கொடுப்பது ஏஜென்டுக்கும் லாட்ஜுக்கும் நல்லது.

யாரிடம் விற்பது என்பதில் ஸ்பெயின் நல்ல முன்னுதாரணம். குளிர்காலத்தில் காலியாகும் கடற்கரை விடுதிகளுக்கு, அரசு மானியத்தோடு முதியோரை அனுப்பும் திட்டத்தை அந்நாடு 1985இல் தொடங்கியது. கேரளம் மழைக்காலத்தையே ஆயுர்வேத சிகிச்சைக்கு உகந்த பருவமாக்கி விற்றது. குற்றாலத்துக்கும் ஓய்வு பெற்றவர்களே முதல் வாடிக்கையாளர். பள்ளி விடுமுறைக்கு அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து மாற்றுத்திறனாளிகள்: சீசனில் வழுக்கும் படிகளிலும் நெரிசலிலும் சக்கர நாற்காலி நகராது. மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆய்க்குடியிலேயே இருந்தும், அவர்களுக்கென ஒரு பேக்கேஜை இங்குள்ள விளம்பரப் பலகைகளில் காண்பது அரிது.

அட்வான்ஸ் வாங்கும்போதே, அருவியில் தண்ணீர் இல்லாமலோ தடை விதிக்கப்பட்டோ போனால் எந்த இடத்துக்கு அழைத்துச் செல்வார்கள், பணம் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதில் எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்ட இந்த ஒரு வரியால்தான் பெரும்பாலான தகராறுகள் வேனுக்குள்ளேயே வெடிக்கின்றன.