வட கடலின் அடியில் வாயுவைச் சிறையிட்ட வரலாறு

புதைத்து வைத்த பொருள் என்றால் அது பொன்னாகவே இருக்கும் என்பதும், அதனைப் பூதமொன்று காத்து நிற்கும் என்பதும் நம் பாட்டிமார் சொல்லிவந்த கதை. எவரும் தோண்டி எடுக்க விரும்பாத பொருளொன்றைப் பெருஞ்செலவில் நிலத்தடியிற் புதைத்து, அது வெளிவராதபடி காத்து நிற்கும் மனிதரின் வரலாறு இது. அப்பொருள் கரியமிலவாயு, விஞ்ஞான பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்று வழங்குவதும் இதனையே.

நிலக்கரியை எரிப்பதால் வானிற் கலக்கும் இவ்வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்தும் என்பதை, 1896ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

ஆயினும், வாயுவை நிலத்துட் செலுத்தும் வித்தை பூமியைக் காக்கும் நோக்கத்தோடு பிறந்ததன்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எண்ணெய் வயலில் எஞ்சிய எண்ணெயை வெளித்தள்ளுவதற்காகவே இதனைக் குழாய்வழி கொண்டுவந்து செலுத்தினர். மேலும் எரிப்பதற்கு எண்ணெய் தேடிய முறையே, பின்னர் எரித்ததன் தீங்கைத் தணிக்கும் முறையாகவும் கொள்ளப்பட்டது.

அம்மாற்றத்துக்கு வழிகோலிய நாடு நோர்வே. அந்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில், வட கடலில், ஸ்லைப்னர் என்னும் இயற்கைவாயு வயல் உள்ளது. அங்கு கிடைத்த வாயுவிற் கரியமிலவாயு 9 சதவீதம் வரை கலந்திருந்தது. அது 2.5 சதவீதத்துக்கு மேற்பட்டால் வாங்குவோர் ஏற்கார்; ஆதலாற் பிரித்தேயாக வேண்டும். பிரித்ததை வானில் விட்டுவிடுவதே அக்கால வழக்கம். ஆனால் 1991இல் நோர்வே அரசு, கடலிலுள்ள எண்ணெய், வாயு மேடைகள் வெளிவிடும் கரியமிலவாயுவுக்கு வரி விதித்தது. வானில் விட்டு வரி கட்டுவதிலும் மண்ணிற் புதைப்பதே ஆதாயம் என்று கண்ட ஸ்டாட்டொயில் நிறுவனம், 1996இற் புதைக்கத் தொடங்கியது. ஆயிரம் அறிவுரை செய்யாததை ஒரு வரிச்சட்டம் செய்து முடித்தது.

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீற்றர் கீழே, உற்சிரா எனப்படும் மணற்பாறைப் படையொன்று பரந்து கிடக்கின்றது. அதன் நுண்துளைகளில் நிறைந்திருப்பது உப்புநீர். அவ்வாழத்தின் அமுக்கத்தில் வாயு திரவம்போலச் செறிந்து சிறிய இடத்தில் அடங்கிவிடும். எனினும் உப்புநீரிலும் இலேசானதாகையால் அது மேலெழவே முயலும். மேலே மூடிபோற் படிந்திருக்கும் தடித்த களிப்பாறை அதனைத் தடுக்கின்றது. காலம் செல்லச் செல்ல, ஒரு பகுதி துளைகளிற் சிக்குண்டு நிற்கும். ஒரு பகுதி நீரிற் கரைந்து கீழிறங்கும். மிக நெடுங்காலத்தின்பின் ஒரு பகுதி கனிப்பொருள்களோடு கூடிக் கல்லாகும்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்காக மட்டும் நின்றுவிடவில்லை. நிலத்துள் அதிர்வலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு வாயு பரவிய எல்லையைப் படமாகத் தீட்டினர். 1999ஆம் ஆண்டுப் படத்தில், மணற்பாறையின் உள்ளேயிருந்த மெல்லிய களிப்படைகளை ஊடறுத்து வாயு உச்சிவரை ஏறியிருந்தமை தெரிந்தது. ஆனால் மேல்மூடியை அது கடக்கவில்லை. முதல் இருபது ஆண்டுகளில் அங்கு புதைக்கப்பட்டது ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் தொன்.

எல்லாப் பாறையும் இவ்வாறு இணங்குவதில்லை. அதே நாட்டின் வடபால், ஸ்னோவிட் என்னும் வயலில் 2008இல் தொடங்கிய பணியில், எதிர்பார்த்ததிலும் விரைவாக அமுக்கம் உயர்ந்தது; 2011இல் வாயுவை வேறொரு படைக்குத் திருப்ப நேர்ந்தது. ஐஸ்லாந்திலோ 2012இல் வாயுவை நீரிற் கரைத்து எரிமலைப் பாறையுட் செலுத்தினர். அதன் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுட் கல்லாகிவிட்டமை 2016இல் அறிவிக்கப்பட்டது. பாறைக்குப் பாறை குணம் வேறு. ஓரிடத்து வெற்றி மற்றோரிடத்துக்கு உறுதிச்சீட்டு ஆகாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகியவற்றை எரித்து உலகம் ஓராண்டில் வெளிவிடுவது ஏறத்தாழ 3,700 கோடி தொன். ஸ்லைப்னர் வயலிற் புதைத்தது மிகுந்த ஆண்டிலும் ஏறக்குறைய 10 இலட்சம் தொன்னே. அத்தகைய வயல்கள் முப்பத்தேழாயிரம் வேண்டும்! அன்றியும், அவ்வயலிலிருந்து விற்கப்படும் வாயு, வாங்கியவர் அடுப்பில் எரிந்து மீண்டும் கரியமிலவாயுவாகின்றது. எனவே, எரிப்பதைக் குறைக்காமற் புதைப்பதை மட்டும் நம்புவது, ஓட்டையை அடைக்காமற் படகிலிருந்து நீரிறைப்பதை ஒக்கும்.

அதற்காக இறைக்கும் பட்டையை எறிந்துவிடலாமா? ஆகாது. சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லைச் சுடும்போது, எரிபொருள் எதுவாயினும், கல்லிலிருந்தே இவ்வாயு வெளிப்படும். அத்தகைய தொழிலுக்கு இம்முறை தேவை. நோர்வேயின் பிரேவிக் சீமெந்து ஆலையிற் பிடித்த வாயுவைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, கடலடியில் ஏறத்தாழ 2,600 மீற்றர் ஆழத்திற் புதைக்கும் பணி 2025இல் தொடங்கியது.

வாயுவைப் புதைத்த நிறுவனம் மறையலாம். சட்டம் இயற்றிய அரசு மாறலாம். பாறையுள் அடைத்தது அங்கேயே கிடக்கும். அதனைக் காக்கப் பூதம் வாராது. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளே காவல் நிற்க வேண்டும். அவர்கள் காக்கவேண்டிய சுமையின் அளவோ இன்று நாம் எரிப்பதன் அளவைப் பொறுத்தது.