அப்பன் தொழில்

ஆடலூரில் மிளகும் காப்பியும் வாழையும் விளைகின்றன. விளைந்ததைச் சுமக்கத் தோள்கள் வேண்டும். மூட்டையோடு மேட்டில் ஏறக் கற்றுக்கொண்ட பையனைப் பார்த்து, "ஆம்பிளையாகி விட்டான்!" என்று பெரியவர்கள் மெச்சினால் அவன் முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

1953-இல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி ராஜாஜி ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதிப் பொழுதில் பையன் அப்பன் தொழிலையும், பெண் வீட்டு வேலையையும் பழக வேண்டும். இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் கொண்டே இன்னும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. கைத்தொழிலுக்கு மதிப்பு வரும் என்பது நம்பிக்கை. அந்த எண்ணத்தைக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதிர்த்தவர்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டினார்கள், பெயர் நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதன்மந்திரியானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அது நீடித்திருந்தால், தச்சன் மகனுக்கு உளியாவது மிஞ்சும். குயவன் மகனுக்குச் சக்கரம் மிஞ்சும். தோட்டக் கூலியின் மகன் எதைப் பழகியிருப்பான்? களை வெட்டவும் மூட்டை தூக்கவும்தான். அதைக் கற்க ஒரு வாரம் போதும்; அதிலிருந்து மீள ஓர் ஆயுள் போதாது.

இதே மலைத்தொடரில், கொடைக்கானலில், 1901-லேயே அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்கள். அங்கே படித்த பையன்களிடம், ஆண்மைக்குச் சாட்சியாகத் தோளைக் காட்டு என்று எந்த மேஸ்திரியும் கேட்டிருக்கமாட்டான்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையைத் தோட்ட வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் 25 ஏக்கர் நிலமும் 30 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் அது அன்று பொருந்தியது. சின்னத் தோட்டத்துப் பையன் சட்டத்துக்கு வெளியே நின்றான். ஆறு முதல் பதினாலு வயதுவரை எல்லாருக்கும் கல்வி உரிமை என்ற சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஆயிற்று.

திட்டத்தை ரத்துச் செய்ய ஓர் அரசாங்க உத்தரவு போதுமாக இருந்தது. அந்தப் பாராட்டை ரத்துச் செய்ய எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஏழைப் பையனுக்கு மலிவாகக் கிடைக்கிற ஒரே பட்டம் அது. அதற்காகவே புத்தகத்தைக் கீழே வைத்து மூட்டையைத் தூக்குகிறான். அவனுடைய அக்காளுக்கோ, அதே வேலைக்கு அந்தப் பட்டமும் கிடையாது.

அடுத்த முறை ஒரு சிறுவன் சுமையோடு எதிரே வந்தால், தயவுசெய்து அவனை மெச்சாதீர்கள். எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேளுங்கள்.