விழுந்தாலும் உயிர் போகாத வானம்



வீட்டிற்குப் புதிய கணினி ஒன்று வந்து சேர்கிறது. பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியது. பெட்டியைப் பிரித்துக் கம்பிகளைப் பொருத்தித் திரை ஒளிர்ந்ததும், மகன் முதல் வேலையாக ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தை அதில் நிறுவத் தொடங்குகிறான். பதிவிறக்கம் பல மணி நேரம் நீள்கிறது. ஒருவாறு முடிந்தபின் ஓடுபாதையில் விமானம் விட்டுவிட்டு நகர்கிறது. வானம் துண்டு துண்டாகத் தெரிகிறது. மேலெழுந்த சில நிமிடங்களில் தரையில் மோதி நொறுங்குகிறது. "படிக்க வாங்கிய கணினியில் விளையாட்டா?" என்கிறார் தந்தை. "இது விளையாட்டு இல்லை வாப்பா" என்கிறான் மகன்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் அந்த வீட்டு வாதத்தின் பின்னால் நூறாண்டைக் கடந்த ஒரு வரலாறு நிற்கிறது. பாவனை விமானம் ஏன் தோன்றியது, புதிய கணினிகளை அது ஏன் இத்துணைத் திணறடிக்கிறது என்பதை அறிந்தவர்கள், தரையில் நொறுங்கிய அந்தத் திரை விமானத்தைச் சற்று வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

ஒரே முயற்சி, ஒரே பாடம்

அந்தலுஸின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், ஏறத்தாழ கி.பி. 875ஆம் ஆண்டில் இறகுகளாலான ஆடையும் சிறகுகளும் பூண்டு உயரத்திலிருந்து பறக்க முயன்றார் என்பது நம் இல்லங்களில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அம்முயற்சியைப் பதிவு செய்தவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ. இப்னு ஃபிர்னாஸ் சிறிது தொலைவு பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவை தரையிறங்குவதில் வாலுக்குள்ள பங்கை அவர் அறியாததே காரணம் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இதில் நாம் பெரும்பாலும் முற்பகுதியை மட்டுமே நினைவில் வைக்கிறோம். பிற்பகுதிதான் நம் பொருளுக்குரியது. தரையிறங்குதலில் உள்ள பிழையை அவர் தரையிறங்கும்போதுதான் கற்றார். மீண்டும் ஒருமுறை முயல்வதற்கு முதுகு இடம் தரவில்லை. பறத்தலின் இடர் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: இக்கலையில் பிழை செய்யாமல் கற்கவும் இயலாது, பிழை செய்தால் இரண்டாம் வாய்ப்பும் அரிது.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, இயந்திர விமானம் தோன்றியபோதும் இதே இடர் நீடித்தது. பிரான்சில் 'ஆன்துவானெத்' என்னும் விமானத்தை ஓட்டுவதற்கு இருபுறமும் இரு சக்கரங்களைத் திருப்ப வேண்டும். பழகாத கைகளுக்கு அது பெருங்குழப்பம். எனவே 1910ஆம் ஆண்டளவில் அங்கே ஓர் எளிய கருவியைச் செய்தனர். பாதியாக அறுத்த பீப்பாயின்மேல் மற்றொரு பாதிப் பீப்பாயை ஏற்றி, அதில் மாணவனை அமர்த்தினர். உதவியாளர்கள் கழிகளைப் பிடித்துப் பீப்பாயை அசைப்பர். மாணவன் சக்கரங்களைத் திருப்பி அதை நேராக்க வேண்டும். தவறினால் நகைப்பு எழும், எலும்பு முறியாது.

துருத்தியால் பறந்த பெட்டி

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தைக்கு ஆர்கன், பியானோ ஆகிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை இருந்தது. விமானம் ஓட்டக் கற்க விரும்பிய இளைஞர் லிங்க், அக்கல்வி சாமானியர் கைக்கு எட்டாத விலையில் இருந்ததைக் கண்டார். ஆர்மோனியத்தில் நாம் காணும் துருத்தியைப் போன்றவை அவர் தொழிற்சாலையில் நிறையக் கிடந்தன. காற்றை நிரப்பினால் உயரும், வெளியேற்றினால் தாழும் அத்துருத்திகளின்மேல் ஒரு சிறு விமான உடலைப் பொருத்தினார். உள்ளிருப்பவர் பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும், முகம் தூக்கும். 1929இல் அது உருப்பெற்றது. ஆனால் விமானப் பள்ளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே வாங்கிச் சென்றன. "விளையாட்டா?" என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது!

விடை 1934இல் துயரத்தின் வழியாக வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் வான் அஞ்சல் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தார். கடுங்குளிர், பனிமூட்டம், இருள். வீரர்களுள் பலர் கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கப் பழகியவர்கள். மேகத்தினுள் நுழைந்ததும் மனிதனின் உட்செவி அவனை ஏமாற்றும்; சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் நேராகச் செல்வதாகவே உடல் உணரும். அந்நேரத்தில் உணர்வை விடுத்து எதிரிலுள்ள கருவிகளின் முள்ளை நம்பக் கற்றிருக்க வேண்டும். கற்காத விலையாகச் சில மாதங்களுக்குள் 12 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

அதன்பின் இராணுவம் லிங்கை அழைத்தது. குறித்த நாளில் நெவார்க் விமான நிலையத்தை மூடுபனி மறைத்திருந்தது. அவர் வரமாட்டார் என்று காத்திருந்த அதிகாரிகள் எண்ணினர். லிங்கோ கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்துவந்து இறங்கினார். தலா 3,500 டாலர் விலையில் ஆறு பயிற்சிப் பெட்டிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நீலப் பெட்டிகள் 10,000க்கு மேல் செய்யப்பட்டன. மேல்மூடியை மூடினால் உள்ளே இருள். முள்களின் ஒளி மட்டும். வெளியே மேசையில் ஓர் எழுதுகோல் தானே நகர்ந்து, மாணவன் 'சென்ற' பாதையை வரைபடத்தில் கோடிடும். மூடியைத் திறந்து வெளியே வருபவன், தான் எங்கே வழிதவறினான் என்பதைத் தன் கண்ணாலேயே காண்பான்.

காத்திருக்க முடியாத கணக்கு

1944இல் அமெரிக்கக் கடற்படை, எந்த விமானத்தின் இயல்பையும் காட்டவல்ல ஒரு பொதுப் பாவனைக் கருவியை அமைக்குமாறு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைக் கேட்டது. அப்பணியைத் தலைமையேற்று நடத்தியவர் ஜே ஃபாரஸ்டர். அன்றைய கணினிகளிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது வழக்கம். விமானி காத்திருக்க முடியாது; அவன் கை அசைந்த அந்தக் கணமே விமானம் எங்கே சாய்ந்தது என்ற விடை வந்தாக வேண்டும். இத்தேவைக்காகப் பிறந்ததே 'வேர்ல்விண்ட்' கணினி. 1951இல் அது இயங்கத் தொடங்கியபோது பாவனை விமானத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது, கணினி நிலைத்தது. உடனுக்குடன் விடையளிக்கும் கணினி முறைக்கு அது முன்னோடியாயிற்று. இன்று நம் வீட்டுக் கணினி திணறுவதன் காரணமும் இதுதான். கடிதம் தட்டச்சு செய்கையில் கணினி அரை நொடி தாமதித்தால் நாம் கவனிப்பதே இல்லை. பறக்கையில் அரை நொடி என்பது ஓடுபாதையைத் தவறவிடும் நேரம்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆர்ட்விக், 1975இல் கணினித் திரையில் பறத்தலைக் காட்டுவது குறித்து ஆய்வேடு எழுதினார். பின்னர் தம் சப்லாஜிக் நிறுவனத்தின் வழியாக, ஆப்பிள் II கணினிக்கான பாவனை விமானத்தை வெளியிட்டார். அதற்குக் கிடைத்த நினைவகம் வெறும் 16 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அதைப்போல் நூறு மடங்கு தேவை. உலகம் என்பது 36 சதுரக் கட்டங்கள். மலைகள் என்பவை சில கோடுகள். ஆயினும் பிடியை இழுத்தால் தொடுவானம் தாழ்ந்தது. வீட்டு மேசையில் அது ஒரு வியப்பு.

புதுக் கணினியின் உரைகல்

1982 நவம்பரில் இந்நிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. நினைவகமும் வேகமும் போதாமையால், அது இயங்குதளத்தையே நாடாமல், தன் நெகிழ்வட்டிலிருந்து தானே துவங்கி, கணினியின் உறுப்புகளோடு நேரடியாகப் பேசியது. அக்காலத்தில் "எங்கள் கணினி ஐபிஎம் கணினிக்கு நிகரானது" என்று கூறிப் பல நிறுவனங்கள் சந்தைக்கு வந்தன. அக்கூற்றை எவ்வாறு சோதிப்பது? இதழாளர்களும் வாங்குவோரும் இரு நிரல்களைக் கையிலெடுத்தனர்: ஒன்று, லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கேடு, மற்றொன்று, இந்தப் பாவனை விமானம். மேற்பூச்சில் மட்டும் ஒத்திருந்த கணினிகளில் விமானம் எழவில்லை. உள்ளும் புறமும் ஒத்தவையே தேறின. அப்படித் தேறிய கணினிகள் பெருகியதால் போட்டி வளர்ந்தது, விலை இறங்கியது. நடுத்தரக் குடும்பங்களின் இல்லங்களுக்குக் கணினி வந்துசேர்ந்ததற்கு அப்போட்டியும் ஒரு காரணம்.

உரைகல்லும் சில வேளை பிழைத்தது. 2006இல் வந்த பதிப்பு, செயலியின் வேகம் ஆண்டுதோறும் ஏறும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது. தொழில்துறையோ ஒரே மையத்தை விரைவாக்குவதை விட்டு, ஒரு செயலியில் பல மையங்களை வைக்கும் வழிக்குத் திரும்பிவிட்டது. விலையுயர்ந்த புதுக் கணினிகளிலும் விமானம் தள்ளாடியது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தில்தான் நிலை ஓரளவு சீரானது. 2009இல் அக்குழுவே கலைக்கப்பட்டது. பின்னர் பிரெஞ்சு நிறுவனமான அசோபோ உருவாக்கி 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் காட்டியது. வட்டுகளில் விற்கப்பட்டபோது அதற்குப் பத்து டிவிடிகள் தேவைப்பட்டன. எஞ்சிய உலகம் இணையத்தின் வழியே வந்தது. 2024 நவம்பரில் அடுத்த பதிப்பு வெளியான நாளில் பலரால் உள்ளே நுழையவே இயலவில்லை. இரண்டு இலட்சம் பயனர் வருவதாகப் பாவித்து முன்கூட்டியே சோதித்திருந்தனர். வந்த உண்மைக் கூட்டம் அமைப்பைத் திணறடித்துவிட்டது. பாவனையை உருவாக்கியவர்களுக்கே பாவனை போதாத நாள் அது!

இல்லத்தில் நிறுவும்போது

ஆகவே புதுக் கணினியில் விமானம் தள்ளாடினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ, பிள்ளை எதையோ கெடுத்துவிட்டான் என்றோ முடிவு கட்ட வேண்டியதில்லை. காட்சித் தரத்தை முதலில் தாழ்த்தி வையுங்கள். நொடிக்கு 30 படங்கள் சீராக வந்தால் கற்பதற்குப் போதும். பறத்தலின் கணக்கில் பெரும்பகுதி செயலியின் ஒரு மையத்தின்மீதே விழுவதால், வரைகலை அட்டைக்கு மட்டும் பணத்தைக் கொட்டுவது எப்போதும் பயன் தராது. பெருநகரங்களை விட்டு, சிறிய விமான நிலையம், தெளிந்த பகல், ஒற்றை எஞ்சின் விமானம் என்று தொடங்குவது நலம். பிடி இருந்தால், கையை எடுத்ததும் அது நடுவில் நிற்கிறதா என்று அளவு திருத்திக்கொள்ள வேண்டும். வசதி குறைந்த கணினிக்கும் வழியுண்டு. தன்னார்வலர்கள் 1997 முதல் வளர்த்துவரும் ஃபிளைட்கியர் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்தக் கலையின் உயர்நிலையை எண்ணிப் பாருங்கள். விமான நிறுவனங்களின் பயிற்சிக்கூடங்களில் ஆறு கால்களின்மேல் அசையும் பாவனை விமானங்கள் நிற்கின்றன. எஞ்சின் தீப்பற்றுவதும், சக்கரம் இறங்காமல் போவதும், ஓடுபாதை மழையில் மறைவதும் அங்கே திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுகின்றன. அனுபவமுள்ள விமானி புதிய ரக விமானத்திற்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் அங்கேயே முடித்துவிட்டு, அந்த ரகத்தின் உண்மை விமானத்தில் முதன்முறையாகப் பயணிகளோடு பறப்பதும் உண்டு. நம் உம்மாவும் வாப்பாவும் உம்ராவுக்கு ஏறும் விமானத்தின் முன்னிருக்கையில் இருப்பவரும், எவரும் காயமுறாத ஒரு வானில் பலமுறை விழுந்து எழுந்தவரே.

வீட்டில் நேர வரையறை வேண்டும். தொழுகையும் பாடமும் உறக்கமும் தள்ளிப்போகலாகாது. அந்த வரம்புக்குள் பிள்ளை திரையில் விமானத்தை நொறுக்கும்போது, "விளையாட்டா?" என்று கேட்பதற்கு முன், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்து, "எங்கே தவறியது?" என்று கேட்டுப் பாருங்கள். வேகம் குறைந்ததா, முகம் அதிகம் தூக்கப்பட்டதா என்று அவன் விளக்கத் தொடங்குவான். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை சற்றுத் தொலைவு கூடுதலாகப் பறப்பான்.