மூன்று பச்சை விளக்குகள்

2004 தீபாவளிக்கு சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்தார். எல்லோருக்கும் சாக்லேட். எனக்கு மட்டும் கூடவே ஒரு பிளாஸ்டிக் சாமான். கார் சாவியோடு தொங்கும் ரிமோட் சைஸ், ஒரு பட்டன், மூன்று சின்ன விளக்குகள்.

"பட்டனை அமுக்குடா. பக்கத்துல வைஃபை இருந்தா பச்சை எரியும். அங்கெல்லாம் ஊர் ஊரா போறப்ப இதை வெச்சுதான் கடையைத் தேடுவோம்."

நங்கநல்லூர் மொட்டை மாடியில் நின்று அமுக்கினேன். எரியவில்லை. தெருமுனையில் அமுக்கினேன். பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய் அமுக்கினேன். அப்போது எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் என்றால் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிரவுசிங் சென்டர்தான். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு அறிவித்ததே 2005 ஜனவரியில். சித்தப்பாவின் பரிசு சட்டத்துக்கே இரண்டு மாசம் முந்தி வந்துவிட்டது.

அப்படி ஒரு பொருளை எதுக்கு யாராவது காசு கொடுத்து வாங்கணும்? இப்ப யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாறு வருஷம், உலகத்தின் சில நகரங்களில், பயணம் போகிறவர்கள் உண்மையிலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். எதை வாங்குவது, எது பொய் சொல்லாது, எது சட்டைப்பையில் அடங்கும்? அந்தக் கவலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு முடிவெடுத்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்களுக்கென்று விட்டுவைத்திருந்த சில அலைவரிசைகளில், குறைந்த சக்தியில், யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் தகவல் அனுப்பிக்கொள்ளலாம் என்றது. யாரும் சீந்தாத புறம்போக்கு நிலம் மாதிரியான அலைவரிசைகள் அவை. 1997இல் அதற்கு ஒரு பொதுத்தரம் வந்தது. 1999இல் வேகமான வடிவமும் வைஃபை என்ற பெயரும் வந்தன. பெயரை வைத்தது ஒரு விளம்பரப் பெயர்சூட்டு நிறுவனம்; பெயருக்குப் பெரிய அர்த்தமெல்லாம் கிடையாது. அதே வருஷம் ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு மடிக்கணினியைத் தூக்கி, ஒயர் எதுவும் இல்லை என்று காட்ட ஒரு ஹுலா வளையத்தை அதன் மேல் நுழைத்து எடுத்தார். மாயாஜாலக்காரர்கள் பெண்ணை அந்தரத்தில் மிதக்கவிட்டுச் செய்வார்களே, அதே வித்தை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு ரூட்டர் வந்தது. முக்கியமான விஷயம், பெரும்பாலானவை பாஸ்வேர்டு இல்லாமலே வந்தன. பெட்டியைப் பிரித்துச் செருகினால் வேலை செய்யும். பூட்டுப் போட வேண்டுமானால் நீங்கள்தான் மெனக்கெடணும், முக்கால்வாசிப் பேர் மெனக்கெடவில்லை. இன்னும் சிலர் கொள்கையாகவே திறந்து வைத்தார்கள். லண்டனில் கன்ஸ்யூம், நியூயார்க்கில் என்ஒய்சி வயர்லெஸ் போன்ற குழுக்கள், நம் இணைப்பை வழிப்போக்கரும் பயன்படுத்தட்டும் என்று பிரசாரம் செய்தன. திண்ணை வைத்து வீடு கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டாம்.

ஆனால் திண்ணை கண்ணுக்குத் தெரியும். அலை தெரியாது. அதனால்தான் தேடல்.

முதலில் தேடியவர்கள் பயணிகள் இல்லை, பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள். பீட்டர் ஷிப்லி என்பவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பகுதியில் காரில் ஆன்டெனா, ஜிபிஎஸ், மடிக்கணினி எல்லாம் வைத்துக்கொண்டு சுற்றி, எந்தத் தெருவில் எத்தனை திறந்த வலைகள் என்று வரைபடம் போட்டார். இந்த ஊர்சுற்றலுக்கு வார்டிரைவிங் என்று பெயர். 1983இல் வந்த 'வார்கேம்ஸ்' படத்தில் ஒரு பையன் வரிசையாக டெலிபோன் எண்களைச் சுழற்றிக் கணினிகளைத் தேடுவானே, அந்தப் பழக்கத்திலிருந்து வந்த பெயர். 2001இல் மாரியஸ் மில்னர் என்ற மென்பொறியாளர் நெட்ஸ்டம்ப்ளர் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். ஷிப்லி சிரமப்பட்டுச் செய்ததை விண்டோஸ் வைத்திருக்கும் யாரும் செய்யலாம் என்றாகிவிட்டது. மில்னரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

2002 ஜூனில் லண்டனில் மாட் ஜோன்ஸும் நண்பர்களும் சாக்பீஸை எடுத்தார்கள். அமெரிக்காவின் பஞ்ச காலத்தில் சரக்கு ரயிலேறி வேலை தேடி அலைந்த ஹோபோக்கள், பின்னால் வருபவர்களுக்காகச் சுவரில் குறி போட்டுவிட்டுப் போவார்கள் என்பார்கள். இந்த வீட்டில் சோறு கிடைக்கும், அந்த வீட்டில் நாய் உண்டு என்று. அதை வைஃபைக்கு மாற்றினார் ஜோன்ஸ். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அரைவட்டம் என்றால் திறந்த வலை. முழு வட்டம் என்றால் மூடியது. வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து என்றால் பூட்டு. மேலே வலையின் பெயர், கீழே வேகம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நோக்கியா இதைத் திருட்டு என்றே சொன்னது. சாக்பீஸ் குறிகளைவிட அவற்றைப் பற்றிய கட்டுரைகள்தான் அதிகம் என்பது என் சந்தேகம். போதாததற்கு லண்டன் மழை வேறு.

2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவைக் கொண்டுவந்தது. மடிக்கணினிக்குள்ளேயே வைஃபை, அதைச் சொல்ல 30 கோடி டாலர் விளம்பரம். ஏர்போர்ட்டிலும் காபிக் கடையிலும் இணைப்பு கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எந்தக் கடையில் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி, பையிலிருந்து மூன்று கிலோ மடிக்கணினியை எடுத்து, நடைபாதையில் உட்கார்ந்து, விண்டோஸ் எழுந்திருக்கும் வரை காத்திருந்து, ஒன்றுமில்லை என்று பார்த்து, மூடி, அடுத்த தெருவுக்குப் போவது. சித்தப்பா ஒருதடவை டல்லாஸில் பெட்ரோல் பங்க் வாசலில் இப்படி உட்கார்ந்திருந்தபோது போலீஸ்கார் வந்து நின்று, "எல்லாம் சரியா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம்தான் அவர் அந்த ரிமோட்டை வாங்கியது.

இந்த வகையில் முதலில் பேசப்பட்டது கென்சிங்டன் வைஃபை ஃபைண்டர். சுமார் 30 டாலர். ரூட்டர் ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிக்குப் பத்து தடவை போல அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பைக் கேட்டு, பலத்துக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று விளக்கு எரிய வேண்டும். கார்ட்லெஸ் போனையும் மைக்ரோவேவ் அடுப்பையும் கண்டு ஏமாறக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், வலை இருக்கிறதா என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, காசு கேட்குமா, எதுவும் சொல்லாது. பசித்தவனுக்கு வாசனை மட்டும் காட்டுகிற மாதிரி.

2004இல் கேனரி நிறுவனத்தின் டிஜிட்டல் ஹாட்ஸ்பாட்டர் வந்தது. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அதில் ஒரு சின்னத் திரை. வலையின் பெயர், சிக்னல் பலம், சேனல், பூட்டு உண்டா இல்லையா என்று எழுத்தில் காட்டியது. ஜோன்ஸ் சுவரில் வரைந்ததும் கிட்டத்தட்ட இதே தகவல்கள்தான். சாக்பீஸ் குறியைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த கருவி என்றே அதைச் சொல்வேன். அடுத்து ஸைசெல் செய்தது ஒரே துண்டில் தேடும் கருவியும் யுஎஸ்பி வைஃபையும். கண்டுபிடித்த கையோடு கணினியில் செருகிக்கொள்ளலாம். காசு இருந்தவர்கள் ஐபேக் போன்ற பாக்கெட் கணினியில், நெட்ஸ்டம்ப்ளரின் தம்பியான மினிஸ்டம்ப்ளரைப் போட்டுக்கொண்டார்கள். தேடிய கையிலேயே மெயிலும் பார்க்கலாம், ஆனால் பல நூறு டாலர், வைஃபையைப் போட்டால் பேட்டரி பறக்கும்.

என்னைக் கேட்டால் அந்தக் காலத்துப் பயணிக்குச் சரியான தேர்வு கேனரிதான். மலிவானது பாதி உண்மை சொன்னது. விலை உயர்ந்தது பாதி நாளில் செத்தது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நீ சொல்லுவ. முப்பது டாலரை நாப்பத்தஞ்சால பெருக்கிப் பார்த்து வாங்கினவன் நான்" என்றார்.

ஆனால் எந்தக் கருவியை வாங்கினாலும் அதன் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. தேடினால் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கும் என்பது. கதவுகள் மூடத் தொடங்கின. 2005இல் ஃப்ளோரிடாவில் ஒருவர் அடுத்தவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி அவர் வைஃபையைப் பயன்படுத்தியதற்காகக் கைதானார். 2007 ஜனவரியில் சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு வைஃபையில் நுழைந்த 17 வயதுப் பையனுக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. நம் நாட்டில் இது இன்னும் இருட்டான வழியில் வந்தது. 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் போன மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை அவர் வீட்டுக்கு வந்தது. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்புக்கும் அதே கதை, இந்தமுறை செம்பூர். 2009இல் வைஃபையைப் பூட்டி வைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. திண்ணையை இடித்துக் கம்பிக்கதவு போட்ட கதை நமக்குப் புதுசில்லை. பயந்தவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

இதற்குள் கையடக்கக் கருவிகளே செத்துவிட்டன. நோக்கியா 770, சோனி மைலோ என்று சில வருஷம் ஓடி, 2007 ஐபோனோடு முடிந்தது. தேடுவது போனின் வேலையாகிவிட்டது. இங்கேதான் கதை தலைகீழாகிறது.

2008 ஜனவரியில் ஜிபிஎஸ் இல்லாத முதல் ஐபோனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஆரம்பித்தது. காரணங்களில் ஒன்று பாஸ்டனின் ஸ்கைஹூக் நிறுவனம். கார்களை அனுப்பி, எந்தத் தெருவில் எந்த ரூட்டர் என்று எழுதி வைத்திருந்தது. ஷிப்லியின் வேலைதான், கம்பெனி அளவில். ரூட்டர் பூட்டியிருந்தாலும் கவலையில்லை, பெயர் கேட்டால் போதும். வலைக்குள் நுழையும் வாசலாக இருந்த அறிவிப்பு, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் மைல்கல்லாக மாறியது.

கூகுளும் ஸ்ட்ரீட் வியூ கார்களில் அதையே செய்தது. 2010இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கேள்வி கேட்டபோது, மே மாதம் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பூட்டாத வலைகளில் ஓடிக்கொண்டிருந்த தகவலின் துண்டுகளும் சேர்ந்துவிட்டன, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் 600 கிகாபைட். 2012இல் வந்த அமெரிக்க ஆணையத்தின் அறிக்கை, அந்த நிரலை எழுதிய பொறியாளரைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டது. அவர் வாக்குமூலம் தர மறுத்திருந்தார். சில நாளில் நியூயார்க் டைம்ஸ் பெயரை வெளியிட்டது. மாரியஸ் மில்னர்.

அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. தான் செய்வதை அவர் சக பொறியாளர்களிடம் மறைக்கவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக நிறுவனத்துக்கு விழுந்த அபராதம் 25,000 டாலர். பூட்டாத வலையைக் கேட்டது ஒட்டுக்கேட்பு ஆகுமா என்று ஆணையத்தாலேயே தீர்மானிக்க முடியவில்லை. நம் கையில் தேடும் கருவியைக் கொடுத்தவரும், நம் வீட்டு வாசலில் கேட்டுக்கொண்டே போன காருக்குள் இருந்த நிரலை எழுதியவரும் ஒரே ஆள். சில வருஷ இடைவெளி. நுட்பத்தில் பெரிய மாற்றம் இல்லை. தேடுபவர் யார், தேடப்படுபவர் யார் என்பது மட்டும் இடம் மாறியிருந்தது.

2013 கோடையில் இன்னும் வெளிப்படையாக நடந்தது, மறுபடியும் லண்டனில். போனில் வைஃபையை அணைக்காமல் நடந்தால், அதுவும் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கூப்பிட்டுக்கொண்டே போகும். அப்போது கூப்பிடும்போது தன் அடையாள எண்ணையும் சொன்னது. நகரத்தின் நிதி வட்டாரத்தில் ஒரு விளம்பர நிறுவனம் வைத்திருந்த குப்பைத்தொட்டிகளில் பன்னிரண்டு, அந்த எண்களைக் குறித்துக்கொண்டன. யார் எந்தப் பக்கமிருந்து வந்தார், திரும்ப எப்போது போனார் என்று. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. பதினோரு வருஷம் முன்னால் வழிப்போக்கருக்காகச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்ட ஊர் அது.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது சித்தப்பாவின் ரிமோட் பழைய சார்ஜர்களுக்கு நடுவில் கிடைத்தது. புது பேட்டரி போட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே அமுக்கினேன். மூன்று விளக்கும் எரிந்தன. அம்மா எட்டிப் பார்த்து, "அட, இது வேலை செய்யுதா?" என்றாள். போனைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். எதிர்வீடு, மேல்மாடி, மருந்துக்கடை, யாரோ ஒருவரின் கார். பதினேழு பெயர்கள், பதினேழிலும் பூட்டு.