ஊராத்துறைக் கப்பல்கள்: திருவாலங்காட்டிலும் நயினாதீவிலும் இரு சான்றுகள்

திருவாலங்காடு என்றதும் ஆய்வாளர் நினைவுக்கு வருவது முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகள்தான். ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பக்கத்து வரலாற்றை எழுதுவோரும் அவற்றோடு நின்றுவிடுகின்றனர். அதே கோயிலில் இரண்டாம் ராஜாதிராஜனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத் தீவுகளின் இடைக்கால வரலாற்றுக்கு அது முதன்மையான சான்று.

அடுத்துள்ள பழையனூரைச் சேர்ந்த வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயனின் பணியைப் பாராட்டி நிலம் வழங்கியதை அது பதிகிறது. இலங்கை மன்னன் பராக்கிரமபாகு ஊராத்துறை (இன்றைய ஊர்காவற்றுறை), புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களில் படை திரட்டிக் கப்பல் கட்டினான். பல்லவராயன் இலங்கை மன்னனின் மருமகன் சீவல்லபனைப் படையோடு அனுப்பி அவ்விடங்களை அழித்து, யானைகளைக் கைப்பற்றச் செய்தான் என்பது செய்தி.

நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் இதை அப்படியே ஏற்கிறார். ஊராத்துறைக் கப்பல்கள் அவருக்குச் சோழநாட்டின்மேல் வரவிருந்த படையெடுப்பின் ஆயத்தம். இங்குதான் நான் மாறுபடுகிறேன். இது பரிசு பெற்றவனின் புகழைச் சொல்லும் ஆவணம். எதிரியின் நோக்கத்துக்கு அதுவே சாட்சியாக முடியாது. இலங்கைப் படையின் வெற்றிகளை விரித்துரைத்து, தோல்வியைச் சொல்லாமல் விடும் இலங்கை வரலாற்று நூலான சூளவம்சத்தை ஐயத்தோடு படிக்கிறோம். அதே ஐயம் சோழக் கல்வெட்டுக்கும் வேண்டாமா?

அந்தத் துறை வேறு எதற்குப் பயன்பட்டது என்பதை மற்றொரு கல் சொல்கிறது. புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குச் செல்வோர் நாகபூசணி அம்மனையும் நாகதீப விகாரையையும் தரிசித்துத் திரும்புவர். அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனத்தைத் தேடிப் பார்ப்போர் குறைவு. 1963இல் கா. இந்திரபாலா பதிப்பித்த இச்சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. வெளிநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கல்லிலும் செம்பிலும் இதை வெட்டுவித்ததாகவும் சாசனமே கூறுகிறது.

கால் பங்கா, பாதியா என்ற வேறுபாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1244–45இல் காகதிய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளித் துறையில் வெளியிட்ட அபயசாசனம், முன்னைய அரசர்கள் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் பறித்ததைச் சொல்லி, தான் சுங்கம் மட்டுமே கொள்வதாக வாக்களிக்கிறது. அது கருணையை முன்னிறுத்துகிறது. நயினாதீவுச் சாசனமோ அரசனுக்கு யானை குதிரைமேல் உள்ள விருப்பத்தையே காரணமாகக் காட்டுகிறது. யானைக்குப் பேர்போன இலங்கைக்கு யானை இறக்குமதியா என்று வியக்கத் தேவையில்லை. ராமஞ்ஞ நாட்டு (கீழ்ப்பர்மா) அரசன் யானை வாணிகத்தைத் தடுத்ததும் பராக்கிரமபாகு அங்குப் படை அனுப்பியதற்கு ஒரு காரணம் என்கிறது சூளவம்சம்.

யானையும் குதிரையும் போருக்குரியவை என்பது என் வாதத்துக்கு இடர்தான். ஊராத்துறையில் போர்க்கப்பலே இல்லை என்று நான் சொல்லவில்லை. வணிகரை அழைத்து அமர்த்திய துறையில் கப்பல் கட்டும் வேலை எப்போதும் நடந்திருக்கும். அதைக் கண்டதும் படையெடுப்பு என்று முடிவு கட்ட, பல்லவராயனின் புகழுரையைத் தவிர வேறு ஆதாரம் சாஸ்திரியிடம் இல்லை.

எது முந்தியது என்பதுதான் சிக்கல். ராஜாதிராஜன் முடிசூடியதை 1163 எனக் கொண்டால் கல்வெட்டு 1175ஐ ஒட்டியது; 1166 எனக் கொண்டால் 1178ஐ ஒட்டியது. நயினாதீவுச் சாசனத்தில் ஆட்சியாண்டு கிடைக்கவில்லை. அது முந்தியதானால், சோழர் படை அழித்தது செழிப்பாக நடந்துவந்த ஒரு வணிகத் துறையை. பிந்தியதானால், அழிவுக்குப் பின் வணிகரைத் திரும்ப அழைக்கும் முயற்சி அது. வெளிநாட்டாரைக் காக்க வேண்டும் என்று தனியே வற்புறுத்துவதால் பின்னதையே நான் கருதுகிறேன். ஆயினும் பாதுகாப்பு உறுதி எந்தத் துறைமுக ஆணையிலும் வரக்கூடியதே. ஊராத்துறைக்கான ஆணை கடல் கடந்த நயினாதீவில் ஏன் நிற்கிறது என்பதற்கும் விடை இல்லை. பல படிகள் வெட்டப்பட்டிருக்கலாம்; கல் இடம் பெயர்ந்தும் வந்திருக்கலாம். செப்பேட்டுப் படியோ, ஊர்காவற்றுறையில் இன்னொரு கல்லோ கிடைத்தால்தான் இதைத் தீர்க்க முடியும்.