கோடைத் துயிலில் வயல் நத்தை: காற்றிலாச் சுவாசக் கருத்துக்கு ஒரு மறுப்பு

தென்னிந்திய வயல் நத்தையான பைலா, கோடையில் சேற்றுக்குள் புதைந்து மூடியை இறுக்கிக்கொண்டபின் ஆக்சிஜன் இல்லாமலே மாதக்கணக்கில் உயிர் தாங்குகிறது என்ற கருத்து 1950களின் நடுவில் எழுந்தது. துயிலும் நத்தையின் உடலில் லாக்டிக் அமிலம் கூடியிருந்தது, கிளைக்கோஜன் குறைந்திருந்தது. சேரும் அமிலத்தை ஓட்டின் சுண்ணாம்பு ஈடுகட்டுகிறது என்ற விளக்கமும் உடன் வந்தது. அந்த அளவீடுகளில் எனக்கு ஐயமில்லை. அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவைத்தான் ஏற்க இயலவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு குளுக்கோஸ் அலகை ஆக்சிஜனுடன் முழுமையாக எரித்தால் ஆற்றலைத் தாங்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும். கிளைக்கோஜனிலிருந்து வரும் அதே அலகை லாக்டிக் அமிலத்தோடு நிறுத்தினால் கிடைப்பது 3 மட்டுமே. அதாவது, அதே ஆற்றலுக்குப் பத்து மடங்கு கிளைக்கோஜன் செலவாகும். கோடைத் துயிலில் உள்ள நத்தைகளின் வளர்சிதை மாற்றம் பொதுவாக ஓய்வுநிலையின் 10 முதல் 30 விழுக்காடாக இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது என்றே கொள்வோம். செலவு முழுவதும் காற்றிலா வழியில் நடந்தால், விழித்திருக்கும் நத்தையைவிட உறங்கும் நத்தை இரு மடங்கு விரைவில் கிளைக்கோஜனைத் தீர்த்துவிடும். பத்தில் ஒன்றாக இறங்கினாலும் மிச்சம் என்று எதுவும் தேறாது. சேமிப்புக்காக உறங்கும் உயிர் உறக்கத்திலேயே சேமிப்பை இழக்கும் என்பது நம்பத்தக்கதாக இல்லை.

அப்படியானால் அந்த லாக்டிக் அமிலம் எங்கிருந்து வந்தது? என் வாசிப்பு இது. உடலில் சேர்ந்திருக்கும் அமிலத்தின் அளவு வேறு, அது உண்டாகும் வேகம் வேறு. முந்தைய ஆய்வு மரபு முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசியது. எடுத்துக்காட்டாக, கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளைகிறது. இரண்டாம் போகம் முடிந்து நீர் வடியும்போது நத்தை இறங்குவது ஈரச் சேற்றில். நீர் நிறைந்த வயல் சேற்றில், மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கைத் தவிர, ஆக்சிஜன் அநேகமாக இருப்பதில்லை. அந்தத் தொடக்க நாட்களில் காற்றிலாச் சுவாசம் நடந்தே ஆகவேண்டும். பிறகு மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே காற்று இறங்குகிறது. தொடக்கத்தில் உண்டான அமிலத்தின் மீதியை மட்டும் பார்த்துவிட்டு, முழுக் கோடையும் அப்படியே கழிந்தது என்று சொல்வதற்கில்லை. தோண்டி எடுக்கும்போது நத்தை தசையைச் சுருக்கி உள்ளிழுப்பதாலும் சிறிது லாக்டிக் அமிலம் உண்டாகலாம்; இதை நான் பெரிதாக வலியுறுத்தவில்லை.

ஓட்டின் சுண்ணாம்பு கரைவதற்கும் வேறு விளக்கம் உண்டு. மூச்சு குறைந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கும். அதுவும் சுண்ணாம்பைக் கரைக்கும். ஒட்டாலா என்ற நிலநத்தையில் பார்ன்ஹார்ட், மக்மஹன் இருவரும் 1988இல் காட்டியது இன்னும் சுவையானது: தேங்கும் கார்பன் டை ஆக்சைடே காற்றுச் சுவாசத்தின் வேகத்தைத் தணிக்கிறது. ஆகவே அமிலத்தன்மை என்பது ஆக்சிஜன் இன்மைக்குச் சான்றாக இருக்கவேண்டியதில்லை. செலவைக் குறைக்கும் கருவியாகவே அது இருக்கக்கூடும்.

மூடி இறுகியிருக்கிறதே, காற்று எப்படி நுழையும் என்ற வினாவுக்கு நெடிய பதில் தேவையில்லை. தேவை அவ்வளவு சிறிதானபின் மூடியின் விளிம்புக் கசிவே போதும்; நுரையீரல் பையில் உள்ள காற்றும் கூட இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பைலா ஒவாட்டாவில் கோல்ஸ் 1968இல் ஆக்சிஜன் உட்கொள்ளலையே அளந்தார். நம் நத்தை அதன் நெருங்கிய உறவு.

யூரிக் அமிலச் சான்றை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பைலா யூரிக் அமிலத்தைச் சேர்க்கும் உயிர் என்று லாலும் சக்சேனாவும் 1952இல் நேச்சர் இதழில் எழுதினர். அதன் தென் அமெரிக்க உறவான பொமேசியாவில், விழிக்கும் வேளையின் ஆக்சிஜன் தாக்குதலை அந்த இருப்பு தாங்குகிறது என்று அர்ஜென்டினா ஆய்வுகள் கருதுகின்றன. விழிக்கும்போது தாக்குதல் என்றால் அதற்குமுன் ஆக்சிஜன் இல்லை என்று பொருள்கொண்டு, இதை எதிர்த்தரப்பும் தனக்குச் சாதகமாகக் கொள்ளலாம்.

கடல் நத்தைகளை ஒப்பிட்டால் என் பக்கம் வலுக்கிறது. வெப்பமண்டலக் கரைப்பாறைகளில் வாழும் எக்கினோலிட்டொரினா, வெயில் ஏற ஏறச் சுவாசத்தைக் கூட்டாமல் அடக்குகிறது என்று மார்ஷலும் மக்குவாயிடும் 2011இல் காட்டினர். வெப்பம் கூடினால் செலவு கூடும் என்ற பொதுவிதியையே அது மீறுகிறது. பாறை நத்தைக்கு வெப்பம் சில மணி நேரத் தொல்லை. வயல் நத்தைக்கோ அது மாதக்கணக்கு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது செலவை அடக்கும் திறன். வேறோர் எரிபொருள் வழிக்கு மாறுவது அன்று.

வழக்கமாக ஜூன் மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாற்று அணைநீர் திறக்கப்படும் முன், வயலிலேயே, நத்தையைச் சுற்றியுள்ள மண்ணின் ஆக்சிஜனை வாரந்தோறும் அளந்து, எடுத்த இடத்திலேயே உடலை உறையவைத்து லாக்டிக் அமிலத்தைக் கணக்கிடவேண்டும். அத்தகைய அளவீடு மாறாகச் சொல்லாதவரை, காற்றில்லாமல் கோடை கழிக்கும் உயிர்களின் வரிசையில் பைலாவை வைப்பது தவறு.